உடுவிலுக்கும் இணுவிலுக்கும் இடையே

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் முதலில் இணுவில் வரும். இன்னும் கொஞ்சத் தூரம் போய் மருதனார்மடத்தில் திரும்பினால் உடுவில். பாடசாலை நாட்களில் ரியூசனுக்காக இந்த வழியால் எத்தனையோ தடவை சைக்கிள் ஓடியிருக்கிறோம். எதிர்க்காற்று அடித்தாலும் கால்மணி நேரத்துக்கு மேல் எடுக்காது. ஆனால் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கிய 1824 ஆம் ஆண்டிலிருந்து, இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ஆஸ்பத்திரி திறந்த 1898 ஆம் ஆண்டு வரை எண்ணினால் எழுபத்துநான்கு வருடங்கள். அந்தக் கால்மணி நேரத் தூரத்தைக் கடக்க ஏன் இவ்வளவு காலம் பிடித்தது, அந்த வழியில் யார் யார் நடந்தார்கள், யார் விழுந்தார்கள் என்பதையே இங்கு எழுத விரும்புகிறோம்.

மலர்க்குழுவினர் எமக்குத் தந்த தலைப்பு 'துன்ப காலத்திற் கிறிஸ்தவ அன்பும் தியாகமும்' என்பது. மருத்துவத் துறைக்குப் போன பழைய மாணவிகள் சார்பில் எழுதும்படி கேட்டார்கள். பரிசளிப்பு விழாக்களில் தியாகம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 'கடல் கடந்து வந்து எமக்காக உயிரையே கொடுத்தார்கள்' என்று பேச்சுப் போட்டியில் நாங்களே கைகளை அசைத்துப் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறோம். பிறகு ஆஸ்பத்திரி விடுதிகளில் வருடக்கணக்காக இரவு வேலை பார்த்த பின், உயிர் கொடுத்தார்கள் என்று கேட்டாலே எமக்கு முதலில் வரும் கேள்வி, 'என்ன வருத்தம்? யார் பார்த்தார்கள்?' என்பதுதான். வைத்தியர்களின் பழக்கதோஷம். மன்னிக்கவும்.

எமது பாடசாலையின் முதற்கால ஆசிரியைகளிற் பலர் உடுவிலில் படித்து வந்தவர்கள். எனவே கதையை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

1819 ஆம் ஆண்டு யூன் மாதம் அமெரிக்காவின் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேட், ஸ்கடர் என நான்கு இளம் தம்பதியர் இருந்தனர். ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல பெயரெடுத்த வைத்தியர். மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஏறியவர். கப்பல் கல்கத்தாவை அடைந்த சில நாட்களில் அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. யாழ்ப்பாண மண்ணை மிதிக்க முன்னரே ஒரு குழிமாடம். வைத்தியரின் குழந்தைக்கே அந்தக் கதி என்பதை மறக்கக் கூடாது. நோய்க்கிருமி என்ற எண்ணமே மருத்துவத்தில் இல்லாத காலம் அது. அன்பும் அறிவும் உள்ள ஒரு தகப்பனாலும் செய்யக்கூடியது அதிகமில்லை.

வின்ஸ்லோவின் மனைவி ஹரியற் அப்போது இருபத்துமூன்று வயது. கனெக்ரிகற் மாநிலத்தின் நோர்விச் ஊரிற் பிறந்தவர். அங்கு ஞாயிறு பாடசாலை தொடங்கி நடத்தியவர். 1820 இல் கணவனும் மனைவியும் உடுவிலில் குடியேறினர். அதே ஆண்டில் இலங்கையின் பிரித்தானிய அரசாங்கம், அமெரிக்க மிஷனரிமார் இனிப் புதிதாக வரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை 1833 வரை நீங்கவில்லை. பாடசாலை வரலாறுகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆளணி இல்லாத விடுதியில் மாதக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் பாரம் தெரியும். பதின்மூன்று வருடங்கள் ஒருவர் நோயிற் படுத்தால் மாற்று ஆள் இல்லை. ஒருவர் இறந்தால் அந்த இடம் வெற்றிடம். ஏற்கெனவே வந்தவர்களில், மருத்துவமும் படித்திருந்த வாறனும் றிச்சேட்சும் நுரையீரல் நோயாளிகளாகி, ஒருவர் 1818 இற் கேப்ரவுணிலும் மற்றவர் 1822 இல் யாழ்ப்பாணத்திலும் இறந்து போயினர். எஞ்சியவர்கள் அந்த வேலையையும் சேர்த்துச் சுமந்தனர்.

அந்த நாட்களில் எமது ஊர்களிற் பெண்பிள்ளைக்கு எழுத்தறிவித்தல் வேண்டாத வேலை. கோயிலோடு சேர்ந்த நடனப் பெண்கள்தான் வாசிக்கப் பழகுவார்கள் என்ற எண்ணம் இருந்தது. வெள்ளைக்காரர் வீட்டில் உணவு உண்டால் சாதி போய்விடும் என்ற பயம் வேறு. உடுவிலில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. ஹரியற்றின் வீட்டு விறாந்தைக்குத் தைக்கப் பழக வந்து போகும் சிறுமியர் இருவர், பகலில் வருவார்கள், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். ஒருநாள் மாரிமழை பிடித்துக்கொண்டது. வெள்ளம். வீட்டுக்குப் போக வழியில்லை. இருட்டியதும் பசி வந்தது. அந்த இரவு அவர்கள் அங்கேயே சோறு தின்று, அங்கேயே படுத்தார்கள். பெற்றோர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, நடந்தது நடந்துவிட்டது என்று பிள்ளைகளை அங்கேயே விட்டார்களாம். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று பெருமையோடு சொல்லப்படும் பாடசாலை இப்படி ஒரு மழையில் தொடங்கிற்று என்பது கதை. எமக்குப் பிடித்த கதை. கட்டாயப்படுத்தவும் இல்லை, பிரசங்கிக்கவும் இல்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு, நனைந்த பிள்ளைக்கு ஒரு பாய்.

ஆனால் இதோடு மற்றதையும் எழுதாவிட்டால் நாம் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம். அக்காலத்தில் மிஷன் விடுதிகளிற் சேர்ந்த பிள்ளைகளிற் பலருக்கு, அவர்களின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. தாயும் தகப்பனும் வைத்த பெயர் இடாப்பில் மறைந்தது. உடுவிலில் படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமாக ஒரு தொகையையும் மிஷனே கொடுத்தது. எம்மிற் பாதிப்பேர் சைவப் பிள்ளைகள். காலை ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரை நினைத்தவர்களும் எமது வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் செய்திகள் நெருடும், நெருடத்தான் வேண்டும். கொடுத்தவர்களின் அன்பு பொய்யில்லை. வாங்கியவர்கள் அதற்குக் கொடுத்த விலையும் பொய்யில்லை.

ஹரியற்றின் மூத்த மகன் சாள்ஸ் 1821 இல் உடுவிலிற் பிறந்தவன். மிஷனரிமார் தம் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிவிடுவது வழக்கம். சாள்சையும் அனுப்பினார்கள். 1832 இல் நியூயோர்க்கில் அவன் இறந்தான், வயது பதினொன்று. கடிதம் ஒன்று கடலைக் கடக்க மாதக்கணக்காகும் காலம். இறந்துபோன பிள்ளைக்கு உடுவிலிலிருந்து புத்திமதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருப்பாள் தாய். 1833 சனவரி 14 ஆந் திகதி ஹரியற்றும் உடுவிலில் இறந்தார். முப்பத்தேழு வயது நிறையவில்லை. அவருக்குப் பின் வந்த தங்கையர் மூவரும் இந்த மிஷனைச் சேர்ந்தவர்களை மணந்து இங்கேயே வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவரும் கணவர் பெரியும் 1837 இற் கொலராவினாற் சில நாள் இடைவெளியில் இறந்தனர்.

(ஒரு சிறு தகவல். ஹரியற்றின் மகளொருத்தி, தாயின் பெயரையே உடையவள், உடுவிலிற் பிறந்து தப்பி வளர்ந்து டலஸ் என்ற மிஷனரியை மணந்தாள். பின்னாளில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளராகிய ஜோன் பொஸ்டர் டலஸின் அப்பம்மா அவர். 1950களின் உலக அரசியலை ஆட்டிப் படைத்தவரின் பரம்பரையில் எங்கள் உடுவில் மண்ணும் இருக்கிறது. இதைச் சொன்னால் எமது மாணவிகள் நம்புவதில்லை.)

ஹரியற்றின் கணவர் மைரன் வின்ஸ்லோ பிறகு சென்னைக்குப் போய், 1862 இல் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டார். அவருடைய பெயரைத் தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹரியற்றின் பெயர் பாடசாலை மலர்களில் மட்டுமே வருகிறது. இந்த மலரும் அதில் ஒன்று.

1840 இல் உடுவிலுக்கு வந்தவர் எலைசா அக்னியூ. நியூயோர்க்கில் 1807 இற் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில், உலகப் படத்தில் இந்தியாவையும் இலங்கையையும் ஆசிரியை காட்டியபோதே, பெரியவளானால் அங்கு போவேன் என்று தீர்மானித்தாராம். எட்டு வயதில் நாம் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தீர்மானித்திருப்போம். இவருடைய விசேடம் தீர்மானித்ததில் இல்லை, காத்திருந்ததில் இருக்கிறது. பெற்றோர் உயிரோடிருக்கும் வரை அவர்களைப் பராமரித்தார். அவர்கள் இறந்த பிறகே, முப்பது வயது கடந்த பின், கப்பலேறினார். வீட்டுக் கடமையை விட்டு ஓடி வந்ததல்ல அந்த ஊழியம் என்பது எமக்குப் பெரிய விடயம். வயதான தாய் தகப்பனோடு இருக்கவேண்டியதால் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலைக் கைவிட்ட பழைய மாணவிகள் எம்மில் இருக்கிறார்கள்.

ஏறத்தாழ நாற்பது வருடம் உடுவிலின் பாடசாலையை நடத்தினார். ஒரு தடவையாவது தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஏன் ஓய்வுக்குப் போகவில்லை என்று கேட்டபோது, நேரமிருக்கவில்லை என்றாராம். பாடசாலை விடுமுறை விட்டால் வண்டிலேறி ஊரூராகப் போய்ப் பழைய மாணவிகளின் வீடுகளில் தங்குவார். தாயைப் படிப்பித்து, மகளைப் படிப்பித்து, பேத்தியையும் படிப்பித்தார். அவரிடம் படித்தோர் ஆயிரத்துக்கு மேல் என்பதால் 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று பெயர் வந்தது. 1883 இல் மானிப்பாயில், பாரிசவாதத்தினால் இறந்தார். இறுதி நேரத்தில் தமக்காக எதை வேண்டிச் செபிக்கலாம் என்று கேட்டவர்களிடம், யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகச் செபிக்கச் சொன்னார். அந்த மிஷனுக்கு அது மனமாற்றத்துக்கான செபம். ஆனால் தன் படுக்கையில் கிடந்துகொண்டு மற்றவர்களை நினைத்த அந்த மனதை எந்தச் சமயத்துப் பெண்ணும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிப் பார்த்தால் பாடசாலை வேரூன்றிவிட்டது. ஆனால் அங்கு படித்துக் கலியாணம் கட்டிப் போன பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றில் தடங்கல் வந்தால்? அதற்கு உடுவிலில் விடை இல்லை.

விடையின் முதற்பகுதி மானிப்பாயிலிருந்து வந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியருக்கு அப்போது இருபத்தைந்து வயது. வட்டுக்கோட்டையிற் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு 1848 இல் மானிப்பாய்க்கு மாறி, வந்த உடனேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு ஊரைவிட்டுப் போய்விடுவதைக் கண்டார். தமிழில் படித்தால் கிராமத்தில் நிற்பார்கள் என்று கருதி, 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். புத்தகம் இல்லை. ஆகவே மாணவர்களோடு சேர்ந்து தாமே மொழிபெயர்த்தார். 'அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்', 'வைத்தியாகரம்' என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும் உடற்றொழிலியலுக்குச் சுகரணம் என்றும் அவர்கள் வைத்த பெயர்களை இன்று சொன்னால் எமது மருத்துவபீட மாணவிகள் சிரிக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு அவருடைய வருத்தத்தைத் தமிழில் ஐந்து நிமிடம் விளங்கப்படுத்தச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். நாங்களும் அப்படித்தான் தடுமாறியவர்கள்.

அந்த நூல் வரிசையில் எமக்கு முக்கியமானது 1857 இல் வந்த 'பிரசவ வைத்தியம்'. தலை திரும்பாத பிள்ளை, நச்சுக்கொடி தங்கிய தாய், பிள்ளை பெற்றபின் பெருகும் இரத்தம் என்று ஊர் மருத்துவச்சி நன்கறிந்த ஆபத்துகளுக்கு மேலைத்தேய மருத்துவம் என்ன சொல்கிறது என்பதைத் தமிழ் அச்சில் வாசிக்கலாம் என்றாயிற்று. ஆனால் அதை வாசித்தவர்கள் ஆண்கள். பேற்றறையின் கதவோ ஆண்களுக்குச் சாத்திய கதவு. நூலின் அறிவு கதவுக்கு வெளியே நின்றது, தாய் கதவுக்கு உள்ளே கிடந்தாள். கிறீன் கெட்டிக்காரர், பக்தர், கடும் உழைப்பாளி. 1866-67 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கொலரா வாட்டியபோதும் அவர் மானிப்பாயில் நின்றார். ஆனாலும் அந்தக் கதவைத் திறக்க அவரால் இயலாது.

1873 இல் உடல்நலம் குன்றி அமெரிக்காவுக்குத் திரும்பிய கிறீன், அங்கிருந்துகொண்டும் தமிழ் மருத்துவ நூல்களின் திருத்த வேலையை விடவில்லை. 1884 இல் இறக்கும்வரை அச்சுப்படிகள் கடலைத் தாண்டிப் போய் வந்தன. தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறிக்கச் செய்தார். பனி கொட்டும் வூஸ்ரர் நகரில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்த மனிதரை நினைக்கும்போது, பேச்சுப் போட்டியில் நாங்கள் சொன்ன 'உயிர் கொடுத்தார்கள்' என்பதைவிட இது பெரிதாகத் தெரிகிறது. உயிர் ஒருமுறைதான் போகும். எழுத்துப்பிழை தினமும் வரும்.

அந்தக் கதவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 'இண்டஸ்' கப்பலில் வந்த அதே ஸ்கடர் பண்டத்தரிப்பில் வருடக்கணக்காக வைத்தியம் பார்த்துவிட்டு இந்தியாவுக்குப் போனார். அவருடைய மகனும் அங்கேயே மிஷனரி. பேத்தி ஐடாவுக்கோ மிஷன் வாழ்வு பிடிக்கவில்லை. அமெரிக்காவில் சொகுசாக இருக்க எண்ணியவர். சுகவீனமான தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. மூவரின் மனைவிமாரும் பிள்ளைப்பேற்றில் தவித்துக்கொண்டிருந்தார்கள். என் தகப்பனார் வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள் மூவரும். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா போய் மருத்துவம் படித்தார். 1900 இல் வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கி, 1918 இற் பெண்களுக்கு மருத்துவப் பாடசாலை அமைத்தார். பாட்டனாரின் குழந்தை கல்கத்தாவில் இறந்ததற்கும் பேத்தி வேலூரில் நின்றதற்கும் இடையில் கிட்டத்தட்ட எண்பது வருடங்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் மேரி, மாகிறெற் என்ற லீச் சகோதரிகள். 1880 இல் வந்தவர்கள். எலைசா அக்னியூவின் கடைசி நாட்களிற் பராமரித்தவர்களும் இவர்களே. ஏழு வருட அனுபவத்தை ஒரு நூலாக்கி, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊரூராகப் பேசி, பெண் வைத்தியர்கள் பணிசெய்யும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார்கள். பிச்சை எடுப்பதும் ஓர் ஊழியம் என்பதை இவர்களிடம் படிக்கலாம். இன்று பழைய மாணவிகள் சங்கத்துக்கு ரிக்கற் விற்பவர்கள் தைரியம் கொள்க. இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி 1898 இல் திறக்கப்பட்டது. டாக்டர் இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் பணியாற்றினார். கதவு திறந்தது. எமது பாட்டிமாரிலும் அம்மாமாரிலும் எத்தனை பேர் இணுவிலிற் பிறந்தார்கள் என்பதை அவரவர் வீட்டிற் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கேயும் ஒரு கறையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மருத்துவப் பணிக்கெனத் தெரிவாகியிருந்த கனடாப் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார், மேரி ஏர்வின். புறப்பட முன் அவர் நியூயோர்க்கில் இரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரை மணந்தார். தமிழருக்கு ஊழியஞ் செய்ய அனுப்பும் சபைக்குத் தமிழனை மணந்த வைத்தியர் வேண்டாமற் போய்விட்டார். நியமனம் இரத்தாயிற்று. அவர் கொழும்பில் வைத்தியம் பார்த்து, மேரி இரட்ணமாக, லங்கா மகிளா சமித்தியை 1930 இல் அமைத்து, 1958 இல் மக்சேசே விருதும் பெற்றார். யாழ்ப்பாணம் இழந்தது. அன்புக்கும் எல்லைக்கோடு போடும் பழக்கம் திருச்சபைக்கும் இருந்தது. எமது சமூகத்துக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை எவ்வளவு என்பது வேறு விடயம்.

இனி எமது காலத்துக்கு வருகிறோம்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழும்பி நடந்த நாள். எம்மிற் பலருக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. வீட்டுப் பிள்ளைகள் வீட்டாரோடு போய்விட்டார்கள். விடுதியில் நின்ற இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர் எமது விடுதி ரீச்சர். கலியாணம் செய்யாதவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மழை. செம்மணி வெளியில் முன்னாலும் பின்னாலும் சனம். நின்றால் தள்ளும், நடந்தால் நகராது. ரீச்சர் ஒவ்வொரு மணித்தியாலமும் எங்களை வீதிக் கரையில் நிறுத்தி, ரோச் லைற்றில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். 'வந்தேன் ரீச்சர்' என்று இருபத்திரண்டு குரல். அடுத்த நாள் மத்தியானம் தென்மராட்சியில் ஒரு தேவாலய மண்டபத்தை அடைந்தோம். அங்கு ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர். ஒரே கிடாரத்துக் கஞ்சி. யார் என்ன சாதி, யார் கையால் குடிப்பது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. உடுவில் மழைக்கதை அப்போது எமக்குத் தெரியாது.

ரீச்சருக்கு நீரிழிவு. அது எங்களுக்குத் தெரியும்; தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார் என்ற அளவில் மட்டும் தெரியும். பையில் இடாப்பையும் எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் எடுத்தவர், மாத்திரைகளை விடுதி மேசையில் விட்டுவிட்டார். நடையில் செருப்பு அறுந்து வலக்கால் பெருவிரல் கல்லில் அடிபட்டிருந்தது. 'ஒண்டுமில்லைப் பிள்ளையள், வரிசையை விடாமல் நில்லுங்கோ' என்றார். மண்டபத்தில் இரண்டு கிழமை எங்களைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரும் தேடி வரும்வரை இடாப்பில் கையெழுத்து வாங்கித்தான் அனுப்பினார். காலிலிருந்து மணம் வந்தபோது சீலைத்துணியால் சுற்றிக்கொண்டார். மருந்துகளுக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். கடைசிப் பிள்ளை போன பின்னரே ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே கழற்ற வேண்டியதாயிற்று.

மறு வருடம் ஊர் திரும்பியதும் பாடசாலை அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தது. தியாகம் என்ற சொல் அன்று எத்தனை தடவை வந்தது என்பதற்குக் கணக்கில்லை. நண்பனுக்காக உயிரைக் கொடுக்கும் அன்பைப் பற்றிய வேதாகம வசனத்தைப் போதகர் எடுத்துப் பேசினார். ரீச்சர் ஊன்றுகோலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு, எம்மில் மூன்று பேர் மருத்துவபீடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அவரைப் பார்க்கப் போனோம். நீரிழிவுக் கால் பற்றிய பாடம் முடிந்த கிழமை. அந்த நாளை எடுத்து, 'உங்கட தியாகத்தை மறக்க ஏலாது ரீச்சர்' என்று ஒருத்தி தொடங்கினாள்.

'தியாகமெண்டு சொல்லாதேங்கோ' என்றார் ரீச்சர். கோபமில்லை. 'நான் மருந்தை மறந்துபோனன். இருபத்திரண்டு பேரிலை ஒருத்தி, ரீச்சர் மருந்து எடுத்தனீங்களோ எண்டு கேட்டிருந்தால் கால் இருந்திருக்கும். உங்களிலை பிழையில்லை, நீங்கள் குழந்தையள். அந்த மண்டபத்திலை எத்தினை பெரிய ஆக்கள் இருந்தவை?' பிறகு அவரே சிரித்து, தட்டில் பயற்றம் பணியாரம் எடுத்து வைத்தார். தாம் தொடவில்லை.

அவர் இறந்து இப்போது பல வருடங்களாகின்றன. வகுப்பில் தினமும் மாலை செபம் சொல்லித் தந்தவர். அந்தச் செபங்களில் தமக்கென்று எதையும் கேட்டதாக எமக்கு ஞாபகமில்லை. ஹரியற் வின்ஸ்லோவின் வாழ்வை வாசித்தபோதும், அக்னியூ ஓய்வுக்குப் போகாததைப் படித்தபோதும், எமக்கு முன்னால் வந்தது ரீச்சரின் துணி சுற்றிய கால்தான். கொடுக்கிறவரிடம் வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, முடிந்ததும் மாலை போடுவது எமக்கு நன்றாகப் பழகிப்போயிற்று. லீச் சகோதரிகள் மாலையோடு நிற்கவில்லை. அக்னியூவை அடக்கம் செய்த பின், யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகப் போய்ப் பணம் கேட்டார்கள்.

நூற்றாண்டையொட்டி, மருத்துவத் துறையிலுள்ள பழைய மாணவிகள் சேர்ந்து, இளைப்பாறிய ஆசிரியைகளையும் விடுதி ஊழியர்களையும் மாதத்தின் முதற் சனிக்கிழமைகளிற் பாடசாலை மண்டபத்திற் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். இரத்த அழுத்தம், சீனி, கண், கால். வருகிறவர்கள் குடிக்கும் மருந்துகளை எல்லாம் ஒரு பையிற் போட்டுக் கொண்டுவர வேண்டும். முடிந்துபோன வெறும் பெட்டியானாலும் கொண்டுவரவும். வர வாகனமில்லாதவர்கள் சங்கத்துக்கு அறிவித்தால் அழைத்து வருவோம். பழைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் இருக்கும் எமது ஆசிரியைகளிடம் நீங்களாகவே போய்க் கேளுங்கள். அவர்களாக வரமாட்டார்கள்.

முதற் சனிக்கிழமை வந்த முதலாவது ஆள் எமக்கு நான்காம் வகுப்பிற் கணக்குப் படிப்பித்த ரீச்சர். செருப்பைக் கழற்ற வெட்கப்பட்டார். 'எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, உங்களைப் பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்' என்றார். கதிரையில் இருத்தி, நாங்களே குனிந்து கழற்றிப் பார்த்தோம். குதிக்காலில் ஒரு வெடிப்பு, மூன்று மாதமாக இருக்கிறதாம்.